வார்ட்டில் நிற்கிறவரா, ஊரில் நிற்கிறவரா?

அம்மா, மல்லாவியில் இருந்து நீங்கள் அனுப்பிய கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். மருத்துவம் படித்த மகள் உள்ளகப் பயிற்சியை முடிக்கப் போகிறார். அதற்குப் பிறகு பொது மருத்துவத்தில் எம்டி என்ற மேற்படிப்பைச் செய்து பெரியாஸ்பத்திரி வார்ட்டில் நிபுணராவதா, ஊரில் இருந்து குடும்பத்தில் எல்லா வயதினரையும் தொடர்ந்து பார்க்கிற குடும்ப மருத்துவம் படிப்பதா? "குடும்ப மருத்துவம் ஒரு படி கீழேதானே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இல்லையம்மா.

அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். வார்ட் நோயாளரை மட்டும் பார்க்கிற மருத்துவருக்கு அங்கே 1996இல் 'ஹாஸ்பிட்டலிஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். அதுவரை நோயாளியின் வழமையான மருத்துவரே ஆஸ்பத்திரிக்கும் வந்து பார்ப்பது வழக்கம். 2007இல், 45 ஆஸ்பத்திரிகளின் சுமார் 77,000 நோயாளரை ஒப்பிட்டார்கள். ஹாஸ்பிட்டலிஸ்ட் பார்த்தவர்கள் ஏறத்தாழ அரை நாள் முந்தி வீடு போனார்கள். வழமையான பொது மருத்துவ நிபுணர் பார்த்தவர்களைவிட ஆளுக்கு 268 டொலர் செலவு குறைந்தது. குடும்ப மருத்துவர் பார்த்தவர்களோடு வைத்தால், செலவில் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. இறப்பும், திரும்ப வந்து படுப்பதும் எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்புறம் 2011இல் முதியோர் அரச காப்புறுதிக் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஹாஸ்பிட்டலிஸ்ட் பார்த்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக் கட்டணம் 282 டொலர் குறைவு. ஆனால் வீடு போன 30 நாளில் 332 டொலர் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது. அவசரப் பிரிவுக்கு ஓடியவர்களும் அவர்களில்தான் அதிகம்.

எனக்கு அந்த 30 நாள்தான் கண்ணில் நிற்கிறது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்ட ஒருவர் துணுக்காய்க்குத் திரும்புகிறார் என்று வையுங்கள். கால் வீங்கினால், குளிசை ஒத்துக்கொள்ளாவிட்டால், அவரை முன்பே தெரிந்த மருத்துவர் பக்கத்தில் வேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் பஸ், துணைக்கு ஒரு ஆள், இருவரின் நாள் கூலியும் போச்சு. அந்தக் காசு எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் ஏறாது.

சரி, படிப்பு. இரண்டு வழியும் கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில்தான். குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவும் உண்டு, எம்டியும் உண்டு. கடும் நோயாளரோடு இரவிரவாக நிற்பதுதான் மகளுக்குப் பிடிக்கும் என்றால் வார்ட்டுக்கே போகட்டும், நான் மறிக்க மாட்டேன். வன்னியிலேயே இருந்து வேலை செய்ய ஆசை என்றால், என் தெரிவு குடும்ப மருத்துவம்.

லீவில் வரும்போது மல்லாவி ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் ஒரு காலை முழுக்க அவரை இருந்து பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இருவருமாக என்னிடம் வாருங்கள்.