பாடத்தெரிவில் கையெழுத்து வைக்க முன்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஏஜக்ஸ் நகரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் வீட்டுக்குப் பக்கத்து அரச உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டுப் பாடத்தெரிவில் உயிரியலை விட்டுவிட்டு, கட்டுமானத் தொழில்நுட்பமும், பள்ளி நேரத்தில் வேலைத்தளத்துக்குப் போய்ப் பழகும் 'கோ-ஆப்'பும் போட்டுவிட்டாளாம். "மார்க்கம் நகரத்து மச்சாளின் மகன் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில். இவள் வயர் இழுக்கப் போகிறாளாம். கோயிலில் ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது?" என்கிறார். கணவரோ வீட்டின் மேல் கடன் எடுத்தாவது கரீபியன் தீவொன்றில் மருத்துவம் படிப்பிக்கலாம் என்று நிற்கிறாராம்.

அக்கா, உங்கள் பயம் விளங்குகிறது. இரண்டு பேரும் மாறிமாறி ஷிப்ட் வேலை பார்த்து வளர்த்த பிள்ளை. சரி, ஆறுதல் இவ்வளவு போதும்.

உயிரியல் எடுத்தால் மருத்துவத்துக்கு வழி என்று நம்மவர் நம்பும் லைஃப் சயன்ஸ் மருத்துவப் படிப்பு அல்ல. அது ஒரு நாலு வருட இளங்கலைப் பட்டம். அது முடிந்த பிறகுதான் மருத்துவப் பீடத்துக்கான போட்டியே சூடு பிடிக்கும். ஒன்ராறியோவில் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கிடைப்பதில்லை. உயிரியலில் உயிரையே வைத்திருக்கும் பிள்ளை அந்தப் போட்டிக்குள் இறங்கலாம். உங்கள் மகள் உயிரியலை விட்டே ஓடுகிறாள். அவளை அங்கே தள்ளிவிட்டு, இடம் கிடைக்காதபோது வீட்டை அடகு வைத்துத் தீவுக்கு அனுப்புவதா? படித்து முடித்து வந்தாலும் இங்கே பயிற்சி மருத்துவர் இடத்துக்கு வெளிநாட்டில் படித்தவர்களோடு இன்னொரு வரிசையில் நிற்கவேண்டும். அந்தக் கடனுக்கு நான் ஒருபோதும் சரி சொல்ல மாட்டேன். வாட்டர்லூ, மக்மாஸ்டர் பல்கலைக்கழகங்கள் பற்றி இங்கே எழுதவும் போவதில்லை. அதைச் சொல்ல மச்சாள் இருக்கிறா.

உங்கள் கடிதத்தின் கடைசியில் குறையாக எழுதிய விஷயம்தான் என் கண்ணில் பட்டது. ஜனவரியில் பள்ளியில் தமிழ் மரபுத் திங்கள் விழா. மற்றப் பிள்ளைகள் எல்லாம் மேடையில் ஆட, இவள் பின்னால் லைட் பெட்டியோடு இருந்தாளாம். இடையில் மின்சாரம் போனதும் ஓடிப்போய்த் தேநீர்க் கேத்தலைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் மறுபக்கம் போனாளாம். உங்களுக்கு வெட்கமாக இருந்ததாம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? இந்த நாட்டில் சாதாரண சுவர்ப் பிளக் 15 ஆம்பியர் சுற்றில் இருக்கும். 1500 வாட் கேத்தல் ஒன்றே 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதே சுற்றில் ஒலிபெருக்கியும் இருந்தால் பிரேக்கர் விழும். வேறு சுற்றில் கேத்தலைச் செருகிவிட்டு நிகழ்ச்சியைத் தொடர வைத்திருக்கிறாள். பெரியவர்கள் நின்று ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணிநேரத் தொண்டு காட்டவேண்டுமே, அதற்கு அந்த மாலைகளை எழுதிக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுவையுங்கள்.

இனி, நம்மவர் வீடுகளில் பேசப்படாத வழிக்கு வருவோம். இங்கே பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஓயாப்' (OYAP) என்று ஒரு தொழிற்பயிற்சித் திட்டம் இருக்கிறது. காலையில் வழக்கமான இரண்டு பாடங்கள், மதியத்துக்குப் பிறகு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனோடு வேலைத்தளம். ஒரு கோ-ஆப் கிரெடிட்டுக்கு, அதாவது ஒரு பாடத்துக்கான புள்ளிக்கு, 110 மணிநேரம். அரைநாள் போனால் ஒரு அரையாண்டில் இரண்டு கிரெடிட். பெரும்பாலும் சம்பளம் இராது, ஆனால் காயப்பட்டால் தொழிலாளர் காப்புறுதி உண்டு. அதற்கான ஒப்பந்தத்தைப் பள்ளி நிரப்பிக் கையெழுத்துக்கு அனுப்பும். பாதுகாப்பு வகுப்புகளை முடித்து, இரும்பு முனைச் சப்பாத்தும் தலைக்கவசமும் போட்டபிறகுதான் தளத்துக்குள் விடுவார்கள்.

முதலாளிக்குப் பிள்ளையைப் பிடித்தால் பள்ளியில் இருக்கும்போதே பதிவுசெய்த பயிலுநராகலாம். அன்றிலிருந்து வேலை நேரம் கணக்கில் ஏறும். எலக்ட்ரீஷியன் பயிற்சி மொத்தம் 9000 மணிநேரம், ஏறக்குறைய ஐந்து வருடம். இடையிடையே கல்லூரி வகுப்பு மூன்று கட்டமாக வரும். பள்ளி முடிந்த பிறகு அந்த வருடங்கள் சம்பளத்தோடு போகும், படிநிலை ஏற ஏறக் கூலியும் ஏறும். கடைசியில் மாகாணச் சோதனை. அதில் தேறி, கனடா முழுவதும் செல்லும் 'ரெட் சீல்' முத்திரை எடுத்தால் அல்பேர்ட்டாவோ நோவா ஸ்கோஷியாவோ, எங்கேயும் அதே தகுதிதான்.

"பல்கலைக்கழகக் கதவு மூடிவிடுமே" என்பீர்கள். மூடாது, ஒரு நிபந்தனையோடு: கணிதத்தையும் இயற்பியலையும் பல்கலைக்கழகத் தரத்திலேயே எடுக்கட்டும். நல்ல முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் கணிதத்தையும் இயற்பியலையும் கேட்பதுண்டு. வேதியியலையும் சேர்த்தால் பிறகு பொறியியல் வேண்டுமென்றாலும் போகலாம். அந்தப் பாடங்களைத் தனியார் இடத்தில் காசு கட்டி எடுக்கவேண்டாம். பகல் பள்ளியில் இலவசம்.

இன்னொன்று, கட்டுமானத் தளத்தில் 16 வயதுக்குக் குறைந்தவர் வேலை செய்யச் சட்டம் விடாது. மகளுக்குப் பிறந்தநாள் இலையுதிர் காலத்தின் கடைசியில் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே கோ-ஆப்பை பெப்ரவரியில் தொடங்கும் இரண்டாம் அரையாண்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பெண்பிள்ளை என்ற பேச்சு வரும். அந்தத் துறையில் பெண்கள் குறைவுதான், மறைக்கவில்லை. தளத்தில் யாரோடு நிற்பாள், கழிப்பறை உண்டா, பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று கோ-ஆப் ஆசிரியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் உறவுக்காரர் மூக்கைச் சுளிப்பதைக் காரணமாகக் காட்டி அவளிடம் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். அவர்களா வந்து உங்கள் வீட்டுக் கடனைக் கட்டப் போகிறார்கள்?

பாடத்தெரிவு மூடுவதற்குள் வழிகாட்டல் ஆசிரியரோடு ஒரு சந்திப்பு எடுங்கள். கோ-ஆப்புக்குத் தனி விண்ணப்பமும் நேர்காணலும் இருக்கும். அதில் அவளே பேசட்டும். அப்பா கூட்டிக்கொண்டு போகலாம், ஆனால் காரிலேயே இருக்கட்டும்.