டீம் டின்னருக்கு டிமிக்கி குடுக்காதீங்க தம்பி

கேள்வி: ஒரு கொரியன் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன். அடுத்த மாசம் ட்ரெயினிங்குக்கு கொரியா அனுப்பறாங்க. கோழி, மீன் சாப்பிடுவேன், மாடும் பன்னியும் ஆகாது. அவங்க சாப்பாடு நமக்கு ஒத்துக்காது, நாய்க்கறி கலந்துருவாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. ரெடிமேட் பாக்கெட்டு, தொக்கு, ஊறுகாய் எடுத்துட்டுப் போய் ரூம்லயே ஓட்டிடலாம்னு ப்ளான். டீம் டின்னருக்கு கூப்பிட்டா என்ன சாக்கு சொல்றது? ஒரு சனிக்கிழமை சியோல் சுத்தறேன். நம்சான் டவர், கங்னம், லோட்டே டவர், மியோங்தோங், ஹோங்டே, புக்சோன், இந்த லிஸ்ட் போதுமா?
- ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: முதல்ல அந்த நாய்க்கறிய முடிச்சிடலாம். நாய வளக்கறது, அறுக்கறது, கறி விக்கறது எல்லாத்தையும் தடை பண்ணி 2024 ஜனவரில கொரிய பார்லிமென்ட் சட்டம் போட்டாச்சு, எதுத்து ஒரு ஓட்டு கூட விழல, 2027ல இருந்து முழுசா அமல். அதுக்கு முன்னாடியும் அது தனிக்கடைல, தனிப் பேர்ல வித்த விஷயம், அதுவும் வயசானவங்க தேடிப் போய் சாப்பிட்டது. உங்க சிக்கன் பிளேட்ல யாரும் கலக்க மாட்டாங்க. உங்கள வேலைக்கு வெச்சு, விசா எடுத்துக் குடுத்து, டிக்கெட் போட்டு கூப்பிடற ஆளுங்கள பத்தி இப்படி ஒரு வதந்திய நம்பிட்டு ஏறாதீங்க, அது அவங்க முன்னாடி உக்காரும்போது மூஞ்சில தெரிஞ்சிடும்.

இப்ப டின்னருக்கு வர்றேன். உங்க கேள்வியிலயே எனக்கு ரொம்ப வருத்தமான வரி "என்ன சாக்கு சொல்றது"ங்கறதுதான். பகல் பூரா லைன்ல நிக்கும்போது உங்க சீனியர் உங்ககிட்ட நாலு வார்த்தை பேசியிருந்தா பெரிய விஷயம், ஆனா சாயங்காலம் அதே ஆளு உங்களுக்கு கறிய கத்திரிக்கோலால வெட்டி தட்டுல வெப்பாரு, ஊர்ல யாரு இருக்காங்க, குழந்தைங்க என்ன படிக்குதுன்னு கேப்பாரு. ஹ்வேஷிக்னு சொல்ற அந்த ஆபீஸ் விருந்துல வராதவன பத்தி யாரும் தப்பா பேசணும்னு இல்ல, ஆனா வந்தவன்தான் அவங்களுக்கு பழக்கமானவன் ஆவான். அதுவும் போக, கறி சுடற கடைங்க பலதுல ரெண்டு பேருக்கு குறைஞ்சா ஆர்டரே எடுக்க மாட்டாங்க, ஊரே சேர்ந்து சாப்பிடறதுக்காகத்தான் அடுப்ப நடு டேபிள்ல பதிச்சு வெச்சிருக்கு. தனியா சாப்பிடறவங்களுக்கான கடைங்களும் இப்ப நெறைய வந்துடுச்சு, இருந்தாலும் பழைய ருசி சேர்ந்து உக்கார்ற டேபிள்லதான் இருக்கு.

குடிக்க மாட்டீங்கன்னா மொதல்லயே சொல்லிடுங்க, சைடர்னு கேட்டா நம்ம ஸ்ப்ரைட் மாதிரி ஒண்ணு வரும், அத ஊத்தி கிளாஸ தட்டலாம். அந்தக் காலத்துல மேலதிகாரி ஊத்தினா குடிச்சே ஆகணும்னு ஒரு கட்டாயம் இருந்துச்சு, 2019ல ஆபீஸ்ல நடக்கற கொடுமைக்கு எதிரா சட்டம் வந்தது, இளசுங்களும் இப்ப வேண்டாம்னு வாய்விட்டு சொல்றாங்க, அதனால அந்த பயம் வேண்டாம். நீங்க செய்ய வேண்டியது சின்னச் சின்ன விஷயம்தான். டேபிள்ல மூத்தவர் ஸ்பூன எடுத்தப்புறம் நீங்க எடுங்க. அவருக்கு ஊத்தும்போது ரெண்டு கையாலயும் பாட்டில புடிங்க, அவர் ஊத்தும்போதும் ரெண்டு கையாலயே வாங்குங்க, உங்க கிளாஸ்ல நீங்களே ஊத்திக்காதீங்க. சோறு ஸ்பூன்ல, கறி காய் சாப்ஸ்டிக் குச்சில, கிண்ணத்த கைல தூக்கக் கூடாது. குச்சியையோ ஸ்பூனையோ சோத்துல செங்குத்தா குத்தி வெக்கவே கூடாது, அது செத்தவங்களுக்கு படைக்கிற முறை. ஸ்பூன் எங்கன்னு தேடாதீங்க, பல கடைங்கள்ல டேபிள் பக்கவாட்டுல ஒரு டிராயர் இருக்கும், இழுத்தா உள்ள ஸ்டீல் குச்சியும் ஸ்பூனும் அடுக்கியிருக்கும். பில்ல கவுண்டர்ல கட்டணும், டிப்ஸ் கெடையாது.

சாப்பாட்டுக்கு வருவோம், இதுல தான் நான் கொஞ்சம் நேரம் நிப்பேன். மிளகா அவங்க ஊருக்குப் போனது 16ஆம் நூற்றாண்டு கடைசி வாக்குல, நமக்கும் அதே நூற்றாண்டுலதான் போர்ச்சுகீசியர் மூலமா வந்துச்சு. ரெண்டு பேரும் அதை வெச்சு வேற வேற திசைல போனாங்க. நாம எண்ணெய்ல தாளிச்சோம், அவங்க புளிக்க வெச்சாங்க. கோச்சுஜாங்னு சொல்ற செவப்பு விழுதுல மிளகாத்தூள், பசையரிசி, புளிச்ச சோயா தூள் எல்லாம் சேர்ந்து மாசக்கணக்குல ஊறும், அதனாலதான் மொத வாய்ல காரத்துக்கு முன்னாடி ஒரு இனிப்பு தட்டும், நம்ம ஆளுங்க "காரமே இல்ல, இனிக்குது"ன்னு தட்ட தள்ளிடறது இந்த இடத்துலதான். அவசரப்படாதீங்க, நாலாவது வாய்ல அந்த காரம் வரும், கூடவே நாள்பட ஊறின ஒரு ஆழமும் வரும். சோயா விழுது, சோயா சாஸ், கோச்சுஜாங் இதெல்லாம் போடற அவங்க முறைய 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, குளிர்காலத்துக்கு முன்னாடி அக்கம்பக்கம் சேர்ந்து கிம்ச்சி போடறத 2013லயே சேத்தாச்சு. கிம்ச்சியும் மத்த தொட்டுக்கையும் காசு கேக்காம வரும், தீந்தா இன்னும் கேக்கலாம், சில கடைல நாமளே போய் எடுத்துக்கணும்.

கோழி சாப்பிடறவருக்கு அங்க என்ன குறைச்சல்! சம்கெதாங்னு முழு இளங்கோழி வயித்துக்குள்ள பசையரிசி, பூண்டு, ஜின்செங் வேரு வெச்சு வேக வெச்ச சூப்பு, கோடைல வெயில் உச்சத்துல இருக்கற நாளா பாத்து கொதிக்க கொதிக்க குடிப்பாங்க. சுன்சோன் ஊரு தக்கால்பி, பெரிய இரும்புத் தட்டுல கோழியும் முட்டைகோசும் கோச்சுஜாங்ல பெரட்டி கண் முன்னாடியே வறுப்பாங்க. பன்னிதான் எதிர்பாக்காத எடத்துல வரும், கிம்ச்சி குழம்பு, கறுப்பு சாஸ் நூடுல்ஸ், மாண்டு கொழுக்கட்டை, இதுலல்லாம் பெரும்பாலும் இருக்கும், "த்வேஜிகோகி ப்பே ஜுசெயோ"ன்னா பன்னிக்கறி வேண்டாம்னு அர்த்தம், ஃபோன்ல எழுதியே வெச்சுக்கோங்க.

உங்க சனிக்கிழமை லிஸ்ட் எனக்குப் புடிக்கல. ரெண்டு டவரும் மூணு ஷாப்பிங் ஏரியாவும் போட்டு, ஒரு நாள்ல ஊரு நடுவுல ஓடற ஹான் நதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினா மெட்ரோதான் பாப்பீங்க. பழைய ஊர் பக்கமே நில்லுங்க. காலைல கியோங்போக்குங் அரண்மனை, 1395ல கட்டினது, 1592 ஜப்பான் படையெடுப்பு சமயத்துல எரிஞ்சு 270 வருஷத்துக்கு மேல இடிபாடா கெடந்துச்சு, 1860கள்ல திரும்ப கட்டினாங்க, அப்புறம் ஜப்பான் ஆட்சி வந்து பாதிக்கு மேல இடிச்சு அரண்மனைய மறைக்கற மாதிரி முன்னாடியே அவங்க தலைமைச் செயலகத்த நிறுத்தினாங்க. அந்த கட்டடத்த கொரியாக்காரங்க இடிக்க ஆரம்பிச்சது 1995 ஆகஸ்ட் 15, விடுதலை கெடச்ச 50வது வருஷம். இது தெரிஞ்சுட்டு உள்ள போனீங்கன்னா செல்ஃபி எடுக்கற வேகம் தானா குறையும். ஹான்போக்னு சொல்ற அவங்க பாரம்பரிய உடை போட்டுட்டுப் போனா டிக்கெட் கெடையாது.

அங்கருந்து கொஞ்ச தூரம் நடந்தா சோங்க்யேசோன் ஓடை, மேல ரோடும் மேம்பாலமும் போட்டு மூடி வெச்சிருந்தத ஒடச்சு 2005ல மறுபடி தெறந்தாங்க, தண்ணி ஓரமாவே நடந்தா குவாங்ஜாங் மார்க்கெட் வந்துடும். அங்க பச்சைப்பயற ஊற வெச்சு கண்ணு முன்னாடியே கல் இயந்திரத்துல அரைச்சு, முளைப்பயறு சேத்து, எண்ணெய் நெறைய விட்டு பொரிச்செடுக்கற பிந்தேத்தோக், நம்ம அடை தடிமன்ல ஓரம் மொறுமொறுன்னு, வெங்காயம் போட்ட சோயால தொட்டு சாப்பிடணும், கறி போடாததான்னு மட்டும் கேட்டுக்கோங்க. வயித்துல எடம் வெச்சிருந்தா நம்தேமூன் மார்க்கெட் சந்துக்குள்ள கல்ச்சி ஜோரிம், அது நம்ம வாளை மீன்தான், அடில கனமா முள்ளங்கி வெச்சு நசுங்கின அலுமினிய சட்டில கொதிச்சுட்டே டேபிளுக்கு வரும். மீன விட கொழம்பு குடிச்ச அந்த முள்ளங்கிதான் ருசி.

புக்சோன் போறதுன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அது மியூசியம் இல்ல, அந்த ஓட்டு வீட்டுக்குள்ள ஜனங்க குடியிருக்காங்க. சத்தம் தாங்காம அவங்க புலம்பி, இப்ப முக்கியமான தெருவுல சாயங்காலம் 5 மணிக்கு மேல காலைல 10 வரைக்கும் டூரிஸ்ட் நுழையக் கூடாது, 2025 மார்ச்ல இருந்து மீறினா அவங்க காசுல 1 லட்சம் வோன் ஃபைன். மெட்ரோக்கு டீமனிங்கற ரீசார்ஜ் கார்ட் வாங்கிக்கோங்க, கோடில இருக்கற முதியோர் சீட்டு காலியா கெடந்தாலும் உக்காராதீங்க. வழிக்கு நேவர் மேப்.

சுத்த சைவம் சாப்பிடற வாசகர்களும் இதப் படிப்பீங்க, உங்களுக்கு கஷ்டம்தான், கிம்ச்சிலயே பெரும்பாலும் உப்புல ஊறின இறாலோ மீன் சாஸோ இருக்கும். ஆனா புத்த மடத்து சாப்பாடுன்னு ஒரு தனி மரபு இருக்கு, கறி மீன் மட்டுமில்ல, வெங்காயம் பூண்டும் கெடையாது. சியோல்ல ஜோக்யேசா கோயில் எதிர்ல பல்ஊ கோங்யாங்னு ஒரு உணவகம், அந்த புத்த சங்கமே நடத்துது, முன்னாடியே புக் பண்ணிட்டுப் போங்க.