ஒரு கருக்குழாயை எடுத்த பிறகு பிள்ளை தங்குமா?

தங்கச்சி, குழாயில் கரு தங்கியதால் இடது கருக்குழாயை எடுத்துவிட்டார்கள், இனிப் பிள்ளையே இல்லை என்று மாமி சொல்கிறா என எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. வலது குழாய் நல்லபடியாக இருந்தால் இயல்பாகவே கரு தங்கலாம். இடது சூலகத்தில் வெளிவரும் முட்டையைக்கூட வலது குழாய் சில வேளை பிடித்துக்கொள்ளும்.

முதலில் வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்டை எடுத்துப் பாருங்கள். மற்றக் குழாய் எப்படி இருந்தது என்று அதில் எழுதியிருக்கக்கூடும். இல்லாவிட்டால் டொக்டரிடம் கேளுங்கள், தேவையென்றால் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் உங்கள் கணவருடைய விந்துப் பரிசோதனையையும் இப்போதே செய்யுங்கள். எல்லாப் பாரத்தையும் நீங்களே சுமக்க வேண்டாம்.

இரண்டு குழாயும் இல்லாதவர்களுக்கும் ஐவிஎஃப் (முட்டையையும் விந்தையும் உடலுக்கு வெளியே சேர்த்து, கருவைக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) இருக்கிறது, கொழும்பிலேயே செய்கிறார்கள். 1978இல் பிறந்த முதல் ஐவிஎஃப் குழந்தையின் தாய்க்குக் குழாய்கள் அடைபட்டுத்தான் இருந்தன. செலவு பெரிது, அதனால் முதலில் மற்றக் குழாயைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மாதவிடாய் தள்ளிப்போனால் உடனே சோதித்து, கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணி ஆறாவது வாரமளவில் ஸ்கேன் எடுக்க வேண்டும். மறுபடியும் குழாயில் தங்கும் வாய்ப்பு உங்களுக்குச் சற்று அதிகம். அடிவயிற்றில் ஒரு பக்க வலி, தோள்மூட்டு வலி, தலைச்சுற்று வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.