பழைய எல் 100-ஐ விற்பதா, புதியதை வாங்குவதா?

கேள்வி: கப்பலில் வேலை செய்த பெரியப்பா 1976இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜே.பி.எல். எல் 100 சென்சுரி ஸ்பீக்கர் சோடி எங்கள் வீட்டில் இருக்கிறது. முன்பக்கத்தை மூடும் பஞ்சு தொட்டாலே உதிர்கிறது, ஒரு பெட்டியில் பாட்டுக்காரரின் குரல் வந்து வந்து போகிறது. இதை விற்றுவிட்டு அதே வடிவில் வரும் எல் 100 கிளாசிக்கை வாங்குவோம் என்கிறான் மகன். இரண்டும் ஒன்றுதானா?
- வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: ஒன்றல்ல. உடுப்பு ஒன்று, ஆள் வேறு. உங்களிடம் இருப்பது, ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென்று செய்த 4310 என்ற ஸ்பீக்கரை (மொனிட்டர்) வீட்டுக்கு ஏற்றபடி மாற்றி 1970இல் விட்டது. அதன் 12 அங்குல வூஃபருக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்புக்கு, மேல் ஒலியைத் தடுக்கும் வடிகட்டியே கிடையாது. நடு ஒலிக்கான மிட்ரேஞ்சுக்கும் மேல் ஒலிக்கான டுவீட்டருக்கும் தாழ்ந்த ஒலியைத் தடுக்க ஆளுக்கொரு கண்டென்சர், அவ்வளவுதான். அதனால் பாடகரின் குரலில் வூஃபருக்கும் ஒரு பங்கு உண்டு. குரல் முன்னால் வந்து நிற்பதும் தவிலில் கோல் விழும் அடி நெஞ்சில் படுவதும் அப்படித்தான்.

2018இல் வந்த கிளாசிக்கிலும் 12 அங்குல வெள்ளைக் காகிதக் கூம்பு, அதே கட்டம்போட்ட பஞ்சு. ஆனால் காகித டுவீட்டர் இருந்த இடத்தில் டைட்டானியம் டோம் (குவிந்த மூடி), வூஃபருக்கும் முறையான கிராஸ்ஓவர், அதாவது ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் வடிகட்டி. பேஸ் (தாழ்ந்த ஒலி) இறுக்கம், மேல் சுரங்கள் துப்புரவு, இதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனாலும் உங்கள் வீட்டில் பழைய பாட்டும் நாதஸ்வரமும்தான் அதிகம் ஓடுமென்றால் பழையதை விற்காதீர்கள்.

அந்தக் குரல் பிரச்சினைக்கு வருவோம். பஞ்சை எடுத்தால், மிட்ரேஞ்சையும் டுவீட்டரையும் கூட்டிக் குறைக்கும் இரண்டு குமிழ்கள் தெரியும். நம் ஊர் உப்புக் காற்றில் அவற்றின் உள்ளே கறள் பிடித்துவிடும், மிட்ரேஞ்ச் அறுந்து அறுந்து வரும். போன வருடம் உட்துறைமுகப் பக்கம் ஒரு வீட்டில் இதே குறை. ஆம்பை (அம்ப்ளிஃபயரை) நிறுத்திவிட்டு, மின் தொடுமுனைகளைத் துப்புரவாக்கும் கொன்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை அடித்து, குமிழை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முப்பது தடவை திருப்பினேன், குரல் திரும்பி வந்தது. அதற்கும் சரிவராவிட்டால் குமிழையும் கண்டென்சர்களையும் மாற்றுங்கள், பெரிய செலவில்லை. கூம்பில் விழுந்த பஞ்சுத் தூளை மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள், ஈரத்துணி வேண்டாம். வூஃபரின் விளிம்பு துணியால் ஆனது, பஞ்சு விளிம்பு போல உக்காது. அதை மாற்றவேண்டும் என்று திருத்துபவர் சொன்னால் மாற்ற விடாதீர்கள். முன்பக்கப் பஞ்சு மட்டும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

கேள்வி: புதியதை வாங்கினால் இப்போதுள்ள பழைய ஆம்ப் போதுமா?

பதில்: ஆம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரின் மின்தடை 8 ஓம், கிளாசிக் 4 ஓம். 8 ஓமுக்குக் குறையக்கூடாது என்று ஆம்பில் எழுதியிருந்தால் சத்தமாக வைக்கும்போது கொதிக்கும், அப்புறம் ஆம்பும் போய்விடும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு மகனுடன் கதையுங்கள்.