தகரப் பெட்டியில் கிடைத்த ஆணுறைக் கணக்கு: அமைப்பின் வரலாற்றை எப்படி எழுதுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்: "எங்கள் பகுதியில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக இயங்கிய அமைப்பின் வரலாற்றை எழுதப் போகிறேன். ஒரு தகரப் பெட்டி நிறையக் கோப்புகள், 2011இல் வந்த 'தானே' புயலில் நனைந்தவை. எதிலும் 'உரிமை' என்ற சொல்லே இல்லை, எல்லாம் எய்ட்ஸ் தடுப்பும் ஆணுறைக் கணக்கும்தான். மூத்தவர்கள் பெயர் போடாதே என்கிறார்கள். என்ன செய்வது?"

அந்த ஆணுறைக் கணக்குதான் உங்கள் வரலாறு, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை, நடுவில் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பால் 2009 முதல் 2013 வரை கிடைத்த மூச்சு நீங்கலாக, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு தலைக்கு மேல் தொங்கியது. உரிமை என்று போர்டு மாட்டினால் யார் வீடு வாடகைக்குக் கொடுப்பார்கள்? அதனால் சுகாதாரத் திட்டம் என்ற பெயரில்தான் பல அமைப்புகள் கூடின. பதிவேட்டில் 'எம்.எஸ்.எம்.' (ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள்) என்று இருக்கும், ஆனால் வந்தவர்களில் பலர் தங்களைக் கோத்தி (பெண்மைச் சாயல் உள்ள ஆண்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்) என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். ஓரக் குறிப்புகளை விடாமல் படியுங்கள். யாரைப் போலீஸ் கூட்டிப் போனது, ராத்திரியில் யார் போய் அழைத்து வந்தது என்பதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிய்க்க வேண்டாம். இருக்கும் வரிசையிலேயே செல்போனில் படம் எடுங்கள், அப்புறம் துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றுங்கள். தொடங்கிய தேதிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள்: கடலூரில் பதிந்திருந்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின்படி, புதுச்சேரி என்றால் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி.

புதுச்சேரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடலூரில் 1862இலேயே வந்துவிட்ட 377, பக்கத்திலிருக்கும் புதுச்சேரிக்கு 1963 அக்டோபரில்தான் வந்தது, ஏனென்றால் அதை ஆண்ட பிரான்ஸ் தன்பாலுறவைக் குற்றப் பட்டியலிலிருந்து 1791இலேயே எடுத்துவிட்டது. அதற்காக அங்கே நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள், வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒருவருடைய பாலீர்ப்பு அவருடைய அந்தரங்கம் என்று அந்தரங்க உரிமை பற்றிய 2017 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேட்டிக்கு முன் ஒரு தடவை, எழுதியதைப் படித்துக் காட்டி இன்னொரு தடவை சம்மதம் கேளுங்கள். புனைபெயருக்குரிய உண்மைப் பெயர்களைத் தனி நோட்டில் வைத்துப் பூட்டுங்கள்.

அப்புறம், ஆணுறைப் பதிவேட்டில் பெண்கள் இருக்க மாட்டார்கள். அவர்களை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும். தன்பாலீர்ப்பாளர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதே, அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் ஒருவரையொருவர் காதலித்து வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள்.