புறா நோட்டும் பதினொன்றாம் வகுப்பு குரூப்பும்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

செவ்வாய்க்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். "சார், இவன் புறாவை விடமாட்டேன்றான். கூண்டைப் பிரிச்சுப் போட்டுடலாமா, இல்ல கால்நடை டாக்டருக்காவது படிக்க வச்சிடலாமா?" வெளியே இன்னும் நான்கு குடும்பம் காத்திருந்தது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்ன படிக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் என்னைப் போன்ற ஆட்களுக்கு டீ குடிக்கக்கூட நேரமிருக்காது. அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன், மீதியை இப்போது எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரரும் படிக்கட்டும்.

என் பதில், இரண்டும் வேண்டாம் என்பதுதான்.

மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுக்க நீங்கள் கீழே போயிருந்தபோது தம்பியிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். "உன்கிட்ட இருக்கிறதிலேயே அழகான புறா எது?" தோளைக் குலுக்கினான். "எது சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பும்?" என்றதும் பைக்குள் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்தான். அட்டை பிய்ந்த நாற்பது பக்க நோட்டு. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறான். கால் வளைய நம்பர், விட்ட இடம், விட்ட நேரம், வந்த நேரம், காற்று. முதலில் நெல்லிக்குப்பம், அப்புறம் பண்ருட்டி, அப்புறம் விழுப்புரம் என்று படிப்படியாகத் தூரத்தைக் கூட்டியிருக்கிறான். விழுப்புரத்தில் காலை 7.10-க்கு விட்டது, முதல் புறா 7.52-க்கு மாடியில். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் "எதிர்க்காத்து, திரும்பப் பாக்கணும்" என்று எழுதியிருந்தது. மாடியில் நின்று நேரம் குறித்தது தங்கச்சியாம். ஃபெஞ்சல் புயல் அன்றைய குறிப்பும் இருக்கிறது: "30.11.24. 4-ம் கூண்டுல ரெண்டு முட்டையும் ஜில்லுனு போச்சு." கடலூர் மொத்தமும் தண்ணீருக்குப் பயந்து நின்ற நேரத்தில் உங்கள் பிள்ளை முட்டையைத் தொட்டுப் பார்த்து, எழுதியும் வைத்திருக்கிறான்.

அம்மா, இந்தப் பையனுக்குப் பிடித்தது புறா என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனுக்குப் பிடித்தது அளப்பதும், எழுதி வைப்பதும், ஒன்றை மாற்றிவிட்டு என்ன ஆகிறது என்று காத்திருந்து பார்ப்பதும். அதற்கு மொட்டை மாடியில் கைக்குக் கிடைத்தது புறா. உங்கள் முதுநகரிலேயே, தூரத்தில் விட்டாலும் வீடு திரும்பும் அதே ஹோமர் வகைப் புறாவை வளர்க்கும் இன்னொரு பையன், எந்த ஜோடியை எவ்வளவுக்கு வாங்கி யாரிடம் எவ்வளவுக்குத் தள்ளலாம் என்று திரிவான். அவனும் புறாப் பைத்தியம்தான், ஆனால் அவன் வியாபாரி. மூன்றாவது ஒருவன் கூண்டு செய்வதிலேயே குறியாக இருப்பான், தச்சு வேலைக் கை அது. சின்ன வயசு ஆசையிலிருந்து தொழிலைக் கணிக்கப் பார்க்கும்போது, பிள்ளை எதை வைத்து விளையாடுகிறது என்பதைவிட அதை வைத்து என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருஷம் முன்பு ஒரு பெண் பிள்ளை வந்தாள். மார்கழியில் 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளிக் கோலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள் என்றார் அவள் அம்மா. நானும் பெரிய மேதை மாதிரி, "வடிவம் மனசுல நிக்குது, ஆர்க்கிடெக்சர் படிக்க வையுங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரே வருஷத்தில் அழுதுகொண்டு திரும்பி வந்தாள். அப்போதுதான் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டேன். விடியற்காலையில் தெருப் பிள்ளைகளைத் திரட்டி, நீ புள்ளி வை, நீ கலர் போடு என்று வேலை பிரித்துக் கொடுப்பது, வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பது, இதுதான் அவளுக்குக் கோலம். தனியாக அறையில் உட்கார்ந்து வரைபடம் போடச் சொன்னால் எப்படி? இப்போது புதுச்சேரியில் கல்யாண மேடை அலங்காரம் எடுத்துச் செய்கிறாள், கீழே பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். அந்த ஒரு வருஷக் கட்டணத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

கால்நடை மருத்துவத்துக்கு நான் உடனே தலையாட்டாததும் இதனால்தான். கழுத்து திருகிக்கொள்ளும் நோய் வந்த புறாவை என்ன செய்தாய் என்று தம்பியிடம் கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. "பாக்க முடியல சார், ஃபிரெண்டுகிட்ட குடுத்துட்டேன்." ஐந்தரை வருஷப் படிப்பு அது. மாட்டுக்குப் பிரசவம் பார்க்க வேண்டும், சீழை அறுக்க வேண்டும், பிணத்தை அறுத்துப் பார்க்க வேண்டும். பழகிவிடும் என்பார்கள், பலருக்குப் பழகியும் விடுகிறது. ஆனால் "புறா வளர்க்கிறான், அதனால் டாக்டர்" என்று முடிவு கட்ட வேண்டாம். டார்வினை அவர் அப்பா எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்கத்தான் அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத காலத்து அறுவை சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் படிப்பை விட்டுவிட்டார். அதே ஆள் 1855-ல் வீட்டில் விதவிதமாகப் புறா வளர்க்க ஆரம்பித்தார். 1859-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, ஒரே இனத்திலிருந்து விதவிதமான வகைகள் வரும் என்பதற்குப் புறாதான் பெரிய சாட்சி. உங்கள் பிள்ளை டார்வின் ஆவான் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. பிராணியைப் பிடிக்கும் என்பதும் வைத்தியம் பார்க்க வரும் என்பதும் வேறு வேறு.

சரி, குரூப். உங்கள் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்று பிடிவாதமாக இருக்கிறார் என்றீர்கள். அவரிடம் ஒன்று சொல்லுங்கள். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் 200-க்குக் கணக்கிடும் கட் ஆஃபில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பள்ளியில் படித்த கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் அதில் சேராது. ஆகவே உயிரியலும் கணக்கும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் அவர் ஆசைப்படும் கதவு மூடாது. கால்நடை மருத்துவமும் திறந்திருக்கும், ஓசூரில் கோழியின தொழில்நுட்பம் என்று ஒரு பி.டெக். இருக்கிறது, அதுவும் திறந்திருக்கும். சுமை அதிகம்தான். கணக்கில் 88 எடுத்தவன் தாங்குவான். உயிரியலை மனப்பாடமாகப் படிக்கச் சொன்னால் மட்டும் முரண்டு பிடிப்பான், அதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

என் கண்ணுக்குத் தெரிவது புள்ளியியல். பெயரைக் கேட்டதும் உங்கள் முகம் போகும் போக்கு எனக்குத் தெரியும், யாரும் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத படிப்பு. கடலூர் துறைமுகத்தில் காலையில் படகு வந்து மீன் இறங்கும்போது, எந்த மீன் எத்தனை கூடை என்று கையில் நோட்டோடு குறித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இப்படித்தான் சில படகுகளை எண்ணி, கடற்கரை முழுவதும் இறங்கிய மீனைக் கணக்கிடுகிறது. தம்பியின் நோட்டுக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், காலாப்பட்டில் புதுச்சேரி பல்கலைக்கழகத்திலும் புள்ளியியல் துறை இருக்கிறது. அதைப் படித்தவர்களுக்கென்றே மத்திய அரசு இந்தியப் புள்ளியியல் பணி என்று தனித் தேர்வு வைக்கிறது. இதெல்லாம் நாளைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. 12 வயதிலிருந்து 40 வயதுவரை மனிதர்களின் நாட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2005-ல் ஒரு கட்டுரை வந்தது. பள்ளி வயதிலேயே நாட்டம் ஓரளவு நிலையாக இருக்கிறது, ஆனால் அது நன்றாகக் கெட்டிப்படுவது 18-லிருந்து 22-க்குள் என்றது அது. பாடத்தின் பெயர் நடுவில் மாறினாலும் பதற வேண்டாம். நம் சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, உயிரியல் பக்கம் தாவி, 2009-ல் வேதியியலுக்கு நோபல் வாங்கினார்.

தம்பியின் மாமா யூடியூப் சேனல் ஆரம்பித்துத் தருகிறேன் என்றாராமே. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், ஆசையாகச் செய்வதற்குப் பரிசு பேசினால் ஆசையே குறைந்துவிடலாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் நடத்தி 1973-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. படம் வரையப் பிடித்த குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து, சான்றிதழ் பேச்சே இல்லாமல் பேனாக்களை வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். புறா அவனுக்குக் கடைசிவரை பொழுதுபோக்காகவே இருந்துவிட்டுப் போகட்டுமே. வேலையிலிருந்து திரும்பி லுங்கியைக் கட்டிக்கொண்டு மாடி ஏறுகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

ஒரே ஒரு கண்டிப்பு. கூண்டு கூட்டும்போது மாஸ்க் போடச் சொல்லுங்கள். காய்ந்த எச்சமும் இறகுத் தூசியும் நாள்பட நுரையீரலைக் கெடுக்கும். வீட்டில் யாருக்காவது விடாத இருமலோ மூச்சிரைப்போ வந்தால் டாக்டரிடம் போங்கள், புறா இருக்கிற விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் வாருங்கள், உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு. மார்க் ஷீட் வேண்டாம், அந்த நோட்டு போதும். ஆனால் அதற்கு முன் அவரிடம் பக்குவமாக ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லிவிடுங்கள். பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுத் தம்பி விழுப்புரம் போய்வந்த பஸ் டிக்கெட்டெல்லாம் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி வாரியாக ஒட்டியிருக்கிறது.