ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பெரியவர்களுக்குப் பயிற்சி: கேள்வி பதில்

வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். டிஸ்சார்ஜுக்குப் பிறகான நடை, தள்ளாட்டம், விழுதல் பற்றிக் கேளுங்கள்.

அப்பாவுக்கு 76. நிமோனியா வந்து பத்து நாள் படுக்கை. இப்போது கால் நிற்கவில்லை. இன்னும் ஒரு மாதம் படுத்து ஓய்வெடுக்கட்டும் என்கிறார் அம்மா.

அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: அப்பாவின் காலைப் பலவீனமாக்கியதில் அந்தப் படுக்கைக்கும் பங்கு உண்டு. நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது.

டாக்டர் நடக்கலாம் என்று சொல்லிவிட்டாரா? அப்படியானால் இன்றே தொடங்கலாம். கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்து எழட்டும், ஐந்து முறை. கை ஊன்றிக்கொள்ளலாம். பிறகு சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். சமநிலைக்கு, முதலில் பாதங்களைச் சேர்த்துவைத்துப் பத்து விநாடி நிற்க வேண்டும். அது எளிதானால் ஒரு பாதத்தை அரையடி முன்னால் வைக்கலாம். அதுவும் பழகினால் ஒரு குதிகாலுக்கு நேர் முன்னே மற்றப் பாதம். இரண்டு கையால் பிடித்தவர் ஒரு கைக்கு வரட்டும், பிறகு விரல் நுனிக்கு. துளியும் ஆடாமல் நின்றால் அந்த நிலை அவருக்குப் போதவில்லை, அடுத்ததற்குப் போகலாம். ஆள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

மாமியார் தினம் அரைமணி வாசலில் நடக்கிறார். அது போதாதா?

விழாமல் இருக்க நடை மட்டும் போதாது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சி முறையில் வாரம் மூன்று நாள் கால் பலமும் சமநிலையும். நடை அதற்கு மேல் இரண்டு நாள்.

முழங்காலுக்கு எந்தத் தைலம் தேய்க்கலாம்?

தைலம் என் துறை இல்லை.

பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கலாமா?

கூடாது. தள்ளாடும்போது அதுவும் கூடவே சாயும். மேடை, ஜன்னல் கம்பி, கனமான கட்டில் கால்மாடு, இவைதான் பிடி.

சிட்னி ஆய்வு ஒன்றில் வீட்டுப் பயிற்சி செய்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்களாம். இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

நான் சொல்கிறேன். 2014இல் வெளியானது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய 340 பேர், ஒரு வருடக் கணக்கு. பயிற்சிக் குழுவில் 177 முறை விழுந்தார்கள், மற்றக் குழுவில் 123. அதே பயிற்சிக் குழுவின் நடமாட்டம் நன்றாக முன்னேறியும் இருந்தது. பொதுவாக வீட்டில் வாழும் முதியவர்களிடம் பயிற்சி விழுதலை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைக்கிறது. ஆனால் படுக்கையிலிருந்து அப்போதுதான் எழுந்தவரின் நிலை வேறு.

அப்படியானால் சும்மா இருப்பதே மேல் என்கிறீர்களா?

இல்லை. பயிற்சி பெறாதவர்களும் 123 முறை விழுந்திருக்கிறார்களே!

குறுக்கிடுகிறேன். என் பாட்டி நன்றாகத் தேறிவிட்டார். யாரிடமும் சொல்லாமல் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய்ப் படியில் விழுந்தார்.

நான் பயப்படுவது இதற்குத்தான். காலில் தெம்பு வந்ததும் துணிச்சல் வந்துவிடுகிறது, சமநிலை பின்தங்கி நிற்கிறது. சிட்னியில் நடந்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். பயிற்சி தொடங்கும் அதே வாரத்தில் குளியலறையில் கைப்பிடி, இரவில் கழிப்பறை வரை வெளிச்சம், படியில் துணைக்கு ஆள், இந்த மூன்றும் வந்துவிட வேண்டும்.

கட்டிலிலிருந்து எழுந்ததும் அம்மாவுக்குக் கண் இருட்டுகிறது. பயிற்சி தரலாமா?

முதலில் டாக்டர். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் அந்தக் கணக்கையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இடுப்பு மூட்டு மாற்றிய தாத்தா தரையில் உட்காரலாமா?

ஆபரேஷன் செய்தவர் அனுமதிக்கும்வரை வேண்டாம். குத்தவைப்பதும் வேண்டாம்.

நல்லெண்ணெயா, விளக்கெண்ணெயா?

மேலே சொல்லிவிட்டேன். எண்ணெய் தேய்த்த பாதத்தோடு மட்டும் நடக்க விடாதீர்கள், வழுக்கும்.

பிளாஸ்டிக் ஸ்டூல் என்றால் பரவாயில்லையா?

ஸ்டூலும் கூடாது.

நிமோனியா அப்பாவின் மகள் நான். காலையில் ஆறு முறை எழுந்தார். கை ஊன்றித்தான்.

கை ஊன்றினாலும் கணக்குதான். நாளைக்கும் ஆறே போதும். நாற்காலி சுவரோடு ஒட்டித்தானே இருக்கிறது?